‘போறேன்’ என்றால் வரும் நாய்

சாரல் மாதங்களில் எங்கள் வீட்டுக்குள் ஈர நாயின் வாசம் அடிக்கும். நடையில் விரித்த சாக்கு, அம்மா முறத்தில் பரப்பி வைத்திருக்கும் பீடி இலை, அடுப்படிக் கொடியில் மூன்று நாளாகியும் காயாத என் பள்ளிக்கூடப் பாவாடை, இவை எல்லாவற்றின் மணத்தையும் மீறிக்கொண்டு அந்த வாசம் வாசலிலேயே வந்து நிற்கும். வீட்டுக்கு வந்தவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். எனக்குப் பிடிக்கும். அன்றைக்கும் பிடித்தது, இன்றைக்கும் பிடிக்கிறது, இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது.

நாயின் பெயர் ஜூலி. அப்பா தென்காசிக்கும் சிவகிரிக்கும் ஓடிய தனியார் பஸ் ஒன்றில் கண்டக்டர். சிவகிரியில் டீக்கடைக்காரர் ஒருவர் வளர்க்க முடியாமல் தள்ளிவிட்ட குட்டியை மஞ்சள் பைக்குள் வைத்து, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒளித்து, கடையநல்லூர் தாண்டும்வரை யாருக்கும் தெரியாமல் கொண்டுவந்து சேர்த்தார். வளர வளரத்தான் அது சிப்பிப்பாறை வேட்டைநாய்க் கலப்பு என்று தெரிந்தது. நீளக் கால், ஒட்டிய வயிறு, கூர்மூக்கு, காற்றில் எதையோ கேட்டுக்கொண்டே இருக்கும் காது. ஓடுவதற்கென்றே பிறந்த உடம்பு அது. அதை நாள் முழுவதும் சங்கிலியில் கட்டி, வாசல் கம்பத்தோடு நிறுத்தி வைத்திருந்தோம்.

சாயங்காலம் அதை வெளியில் கூட்டிப்போவது என் வேலை. வேலை என்று வீட்டில் சொன்னார்கள். எனக்கு அது விடுதலை. எட்டாம் வகுப்புக்கு வந்ததிலிருந்து எனக்கு ஒவ்வொன்றாகக் கதவு சாத்திக்கொண்டிருந்தார்கள். சைக்கிள் எடுக்கக் கூடாது, அருவிக்கரைப் பக்கம் தோழிகளோடு போகக் கூடாது, கடைக்குப் போனால் போன காலோடு திரும்ப வேண்டும். “பொம்பளப் பிள்ளைக்கு பொழுது சாஞ்ச நேரத்துல வெளியில என்ன சோலி?” என்பார் பெரியப்பா. அப்பாவுக்கு மூத்தவர், பக்கத்து வீட்டில் இருந்தார், எங்கள் வீட்டிலும் அவர் வைத்ததுதான் சட்டம். அவருக்குச் சொல்ல எனக்கு ஒரு பதில் இருந்தது: நாயைக் கூட்டிப்போகிறேன். ஜூலியின் சங்கிலியைக் கையில் பிடித்திருக்கும்வரை நான் வீட்டுக்குப் பின்னாலுள்ள பொட்டலைத் தாண்டி சிற்றாற்றங்கரை வரை போகலாம், மலையில் மேகம் இறங்குவதைப் பார்க்கலாம், வாய்விட்டுப் பாடலாம். ஒருவரும் கேட்க முடியாது.

பொட்டலுக்குப் போனதும் சங்கிலியைக் கழற்றிவிடுவேன். அது ஓடுவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான்கு காலும் தரையில் படாத மாதிரி ஒரு ஓட்டம், திரும்பும்போது சாரல் நீர் தெறிக்க ஒரு வளைவு, மறுபடியும் ஓட்டம். தொல்லை அதற்குப் பிறகுதான். கூப்பிட்டால் வராது. பத்தடி தள்ளி நின்று என்னைப் பார்க்கும், வாலை ஆட்டும், நான் ஒரு அடி வைத்தால் அது இரண்டு அடி பின்வாங்கும். இருட்டிக்கொண்டு வரும், அம்மா வாசலில் நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள், நான் ஜூலியைக் கூப்பிடுவேன், இரண்டு பேர் கூப்பிட்டதற்கும் யாரும் வர மாட்டோம்.

வீட்டில் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் செய்தார்கள். அப்பா பஸ் விசிலைக் கொண்டுவந்தார். பஸ்ஸில் ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் கிளம்பு. ஆனால் ஆத்திரத்தில் அப்பாவுக்கு ஒன்றோடு நிறுத்த வராது. பழக்க தோஷத்தில் இரண்டாவது விசிலும் வந்துவிடும், ஜூலியும் பஸ் விதி படித்ததுபோல் கிளம்பிவிடும். அம்மா கருவாட்டுத் தலையைக் காட்டினாள். அது கருவாட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. பெரியப்பாவின் வைத்தியம் வேறு. கடைசியில் எப்படியோ வீடு வந்து சேரும் ஜூலியின் காதைப் பிடித்துக்கொண்டு, பூவரசங் கம்பால் நாலு சாத்து சாத்துவார். “இப்படிக் குடுத்தாத்தான் அடுத்த தடவ கூப்பிட்டதும் வரும்” என்பார்.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது, ஆனாலும் இந்த நியாயம் எனக்கு அன்றைக்கே பிடிபடவில்லை. ஓடியதற்கு அடியில்லை, வந்ததற்கு அடி. கூப்பிட்ட குரலுக்கு வந்தால் கம்பு, அதற்குப் பிறகு சங்கிலி, அதற்குப் பிறகு மறுநாள் சாயங்காலம்வரை அதே கம்பம். இவ்வளவும் தெரிந்த பிறகு ஒரு நாய் ஓடி வந்து மடியில் விழுந்தால் அதற்குத்தான் புத்தி கெட்டிருக்கிறது என்று அர்த்தம். ஜூலிக்குப் புத்தி நன்றாக இருந்தது. நான் முழுக்க முழுக்க அதன் கட்சி.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. எங்கள் வீட்டில் ‘போறேன்’ என்ற சொல்லுக்குத் தடை. எல்லாத் தமிழ் வீடுகளிலும் உள்ளதுதான், வெளியே கிளம்புகிறவர் ‘போறேன்’ என்று சொல்லக் கூடாது, ‘வாரேன்’ என்று சொல்ல வேண்டும், வழியனுப்புகிறவர் ‘போயிட்டு வா’ என்று சொல்ல வேண்டும். அப்பா நாளெல்லாம் பஸ்ஸில் தொங்குகிற ஆள் என்பதால் எங்கள் வீட்டில் இது ரொம்பக் கண்டிப்பு. வாய் தவறி யாராவது ‘போறேன்’ என்று சொல்லிவிட்டால், செருப்பைக் கழற்றி, உள்ளே வந்து உட்கார்ந்து, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து, ‘வாரேன்’ என்று திருத்திச் சொன்ன பிறகுதான் படியிறங்க விடுவாள் அம்மா. ஒரு தடவை அப்பாவே இப்படித் தண்ணீர் குடித்து பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறார்.

கம்பத்தில் கட்டிக் கிடந்த ஜூலியின் பக்கம் நின்று இதைக் கொஞ்சம் கேட்டுப் பாருங்கள். விடிந்ததும் அப்பா “வாரேன்” என்கிறார், கேட் மூடிக்கொள்கிறது, ஆள் காணாமல் போகிறார். நான் பையை மாட்டிக்கொண்டு “வாரேம்மா” என்கிறேன், அம்மா “வா” என்கிறாள், நானும் காணாமல் போகிறேன். பீடிக்கட்டைக் கொடுத்துவரக் கிளம்பும் அம்மா அதற்கே ஒரு “வாரேன்” சொல்லிவிட்டுப் போகிறாள். அந்த வீட்டில் ‘வா’ என்று யார் வாயிலிருந்து வந்தாலும் யாரோ ஒருவர் விலகிப் போகிறார்கள். பொட்டலில் நின்று நான் தொண்டை வறள “வா, வா” என்று கத்தினால் அது என்ன செய்யும்? எங்களைப் பார்த்துக் கற்றதைத்தான் செய்தது, விலகிப் போனது.

பெரியப்பாவுக்குச் சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி போட்ட வயல் இருந்தது. பூ முத்துகிற நேரத்தில் கிளிக்கூட்டம் வந்து விழும், விதை மிஞ்சாது. அந்த வருடம் சாரல் தொடங்கும்போதே அவர் கண் ஜூலி மேல் விழுந்தது. “கூப்பிட்டா வராத சவத்த வீட்டுல வச்சு என்ன செய்யப் போற? எங்கிட்டக் குடு. வயல்ல கட்டிப் போட்டாக் கிளி வெரட்டவாவது ஆகும்” என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை. “ஆடி கழியட்டும் அண்ணே. அதுக்குள்ள பழகலன்னா கொண்டு போயிருங்க” என்றார். என்னை யாரும் கேட்கவில்லை. ஜூலி போனால் வெயிலிலும் மழையிலும் அது ஒரு மூங்கில் கம்பத்தில் கிடக்கும். சாயங்காலம் வாசலைத் தாண்ட எனக்கும் ஒரு காரணம் இருக்காது. ஒரே கயிற்றில் எங்கள் இரண்டு பேரையும் கட்டுகிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது, கோபமாக வந்தது.

அந்தக் கோபம்தான் வழி காட்டியது. ஒரு நாள் நல்ல சாரல். ஜூலி வழக்கம்போல் தள்ளி நின்று வாலாட்டிக்கொண்டிருந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. “சவமே, கெட்டுப் போ! நான் போறேன்! போறேன்!” என்று கத்திவிட்டு, சங்கிலியைச் சுழற்றிக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடினேன். திரும்பிப் பார்க்கவே இல்லை. கொஞ்ச தூரத்தில் பின்னால் ஈரத் தரையில் காலடிச் சத்தம். என்னைத் தாண்டி ஓடி, வளைந்து, என் முன்னால் வந்து மூச்சிரைக்க நின்று, ‘எங்கே போகிறாய்?’ என்பதுபோல் முகத்தைப் பார்த்தது ஜூலி. பாவாடைப் பையில் ஒரு பொறை ரொட்டி இருந்தது, அதைக் கொடுத்தேன். சங்கிலி மாட்டவில்லை. ஏன் என்று கேட்டால் தெரியாது, மாட்டத் தோன்றவில்லை. “ஓடுட்டி” என்று சொல்லி மறுபடி ஓடவிட்டேன்.

மறுநாளிலிருந்து அதையே பாடமாக்கினேன். ‘போறேன்’ என்று கத்த வேண்டும், ஓட வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. திரும்பிப் பார்த்தால் அது நின்றுவிடும். வந்ததும் தின்னக் கொடுக்க வேண்டும், கழுத்தைத் தடவ வேண்டும், மறுபடி விட்டுவிட வேண்டும். இப்படிப் பலமுறை வந்த பிறகு ஒரே ஒரு முறைதான் சங்கிலி, அதுவும் வீட்டு வாசலில். ஆடி பாதி கழிவதற்குள், ஆற்றங்கரையில் நாரையைத் துரத்திக்கொண்டிருந்தால்கூட என் ‘போறேன்’ காதில் விழுந்ததும் பாதி ஓட்டத்தில் திரும்பும் அளவுக்கு வந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஊர்க்காரர்களுக்கும் புரியவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு பெண் பிள்ளை பொட்டல் நடுவில் நின்று “நான் போறேன், நான் போறேன்” என்று அலறிக்கொண்டு ஓடினால் யார்தான் சும்மா இருப்பார்கள்? பக்கத்துத் தெரு அக்கா ஒருத்தி அம்மாவிடம் வந்து, “உம்மவளுக்கு ஏதும் பயந்த கோளாறா? மந்திரிச்சு கயிறு கட்டிப் பாருங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு வீட்டில் பெரிய சண்டை.

“ஏட்டி, வாய அடக்குட்டி! வெளக்கு வைக்கிற நேரத்துல அந்தச் சொல்லச் சொல்லுதியே, ஒங்கப்பா ரோட்டுல ஓடுத ஆளு!” அம்மா கத்தினாள்.

“அந்த நாய்க்கு அதான் புரியுது. வேணும்னா நீங்க வேற பாஷ கண்டுபிடிங்க.”

“எதுத்தா பேசுத?”

“ஆமா.”

முதுகில் ஒன்று விழுந்தது. அப்பா வந்தார், எல்லாவற்றையும் கேட்டார், ஒரே வாக்கியத்தில் தீர்ப்புச் சொன்னார்: அந்த வார்த்தையைச் சொல்வதாக இருந்தால் நான் பொட்டலுக்குப் போகத் தேவையில்லை. இனிமேல் சொல்ல மாட்டேன் என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே எனக்கு வாசல் அடைபட்டது, நாயை அப்பாவே கூட்டிப்போனார், முதல் நாளே மழையில் நனைந்து, தொண்டை கட்டி, நாயில்லாமல் திரும்பி வந்தார். ஜூலி தனக்குத் தோன்றியபோது வந்தது. ஜன்னலில் இருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிக்காமல் இருக்க ரொம்பச் சிரமப்பட்டேன்.

ஆடி கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா லோடு ஆட்டோவோடு வந்தார், ஒரு கையில் புதுக் கயிறு, மறு கையில் அந்தப் பூவரசங் கம்பு. அப்பா சங்கிலியை அவிழ்த்துக் கயிற்றை மாட்டப் போகிற அந்த ஒரு நொடியில் ஜூலி கழுத்தை உருவிக்கொண்டது. கேட் திறந்து கிடந்தது. இந்த முறை அது பொட்டல் பக்கம் போகவில்லை. குற்றாலம் ரோட்டைப் பார்த்து ஓடியது.

சீசன் ஞாயிற்றுக்கிழமை அந்த ரோடு எப்படியிருக்கும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேனுக்குப் பின்னால் வேன், தலையில் எண்ணெயும் தோளில் துண்டுமாக ஜன்னலில் தொங்கும் கூட்டம், நடுவில் பஸ்கள். தெருமுனைக்கும் ரோட்டுக்கும் நடுவிலிருந்த காலி மனையில் ஜூலி நின்றது. இன்னும் ஒரு பாய்ச்சலில் ரோடு. அப்பா “வா, ஜூலி, வா” என்று கூப்பிட்டார். ரோட்டுப் பக்கம் ஒரு அடி வைத்தது. பெரியப்பா கம்பை ஓங்கிக்கொண்டு “ஏ சவமே, வா இங்கன” என்று கத்தினார். இன்னும் இரண்டு அடி. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். “கூப்பிடு மக்கா” என்றார்.

“மாட்டேன்.”

“ஏட்டி, வண்டில விழுந்துரும்ட்டி!”

“நான் கூப்பிட்டா வரும். வந்தா நீங்க கட்டிக் குடுத்துருவீங்க. அதுக்கு நான் கூப்பிட மாட்டேன்.”

வேன்கள் போய்க்கொண்டே இருந்தன. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. என்னை நம்பி ஓடி வருவதை என் குரலாலேயே கயிற்றில் மாட்டிக் கொடுக்க என்னால் முடியாது. இதைப் பிடிவாதம் என்று பின்னாளில் எத்தனையோ பேர் சொல்லிக் காட்டினார்கள். பிடிவாதம்தான். அது சரியான பிடிவாதம் என்று இன்றைக்கும் சொல்வேன்.

அப்பா ஒரு கணம் அண்ணனைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். அப்புறம், நாலு தெருவும் கேட்க, பஸ்ஸில் ஊர்ப்பெயர் கூவுகிற அந்தக் குரலில், “நான் போறேன்! ஏட்டி ஜூலி, நான் போறேன்! போறேன்!” என்று கத்திக்கொண்டு, வேட்டியை ஒரு கையில் தூக்கிப் பிடித்தபடி, வீட்டைப் பார்த்து ஓடினார். திரும்பிப் பார்க்கவில்லை. ஜன்னலில் இருந்து நான் அவரைப் பார்த்தது போலவே, அவரும் அத்தனை நாள் எங்கேயோ நின்று என்னைப் பார்த்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஜூலியின் காது நிமிர்ந்தது. ரோட்டுக்கு முதுகைக் காட்டியது. அப்புறம் அந்தப் பழைய ஓட்டம், நான்கு காலும் தரையில் படாமல். பெரியப்பாவைத் தாண்டி, என்னைத் தாண்டி, கேட்டுக்குள் நுழைந்த அப்பாவின் முன்னால் போய் நின்றுவிட்டது.

பெரியப்பா கயிற்றோடு வந்தார். அப்பா நாயின் கழுத்தில் கை வைத்திருந்தார், மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. “வேண்டாம் அண்ணே. வந்த நாயக் கட்டக் கூடாதாம். எம்மவ சொல்லுதா” என்றார். பெரியப்பா என்னை முறைத்தார், லோடு ஆட்டோ வெறுமனே திரும்பிப் போனது. அம்மா உள்ளே போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து அப்பாவிடம் நீட்டி, “குடிங்க. குடிச்சிட்டு வாரேன்னு சொல்லுங்க” என்றாள். அப்பா குடித்தார். மிச்சத் தண்ணீரை ஜூலியிடம் நீட்டினார்.

அதற்குப் பிறகு ஜூலி நெடுநாள் இருந்தது. நான் கல்லூரியில் இருந்தபோது ஒரு சாரல் காலத்தில், சாக்கின் மேல் படுத்த நிலையில் செத்துப் போனது. பொட்டல் இப்போது இல்லை, அங்கே சீசனுக்கு வருகிறவர்கள் தங்கும் விடுதியும் வண்டி நிறுத்துமிடமும் இருக்கின்றன. ஆற்றுக்குப் போகும் வழியில் கம்பிவேலி. தெருவில் இப்போதும் சிலர் நாய் வளர்க்கிறார்கள். கையில் போனைப் பார்த்துக்கொண்டு வாரைப் பிடித்தபடி நடக்கிறார்கள், கழற்றிவிட இடமும் இல்லை, கழற்றிவிடும் மனமும் இல்லை. நாரைகள் எங்கே போயின என்று தெரியவில்லை. வீட்டுக்குள் அந்த ஈர வாசம் அடித்து எத்தனையோ வருடம் ஆகிறது.

சென்னையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் போன மாதம் கடல் தாண்டி ஒரு வேலை கிடைத்தது. கல்யாணமாகாத பெண் தனியாக அவ்வளவு தூரம் போகக் கூடாது என்று பெரியப்பா சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தார். நான் ஊருக்கு வந்து சொல்லிக்கொண்டு கிளம்புகிற அன்று எங்கள் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், வயதாகிவிட்டது, குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. நான் பெட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். தெரு குறுகல், கார் தெருமுனையில் நின்றது. “போறேன்” என்றேன்.

“பாத்தியாலே, இன்னைக்கும் இவ வாயில என்ன வருதுன்னு? இப்படிச் சொல்லிட்டுப் போறவ எங்கன திரும்பி வரப் போறா?” என்று அப்பாவிடம் பாய்ந்தார் பெரியப்பா.

“நம்ம வீட்டுல அது கூப்பிடுத வார்த்தைல்லா அண்ணே” என்றார் அப்பா.

நான் நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்கக் கூடாது. நாலு வீடு தாண்டுவதற்குள், ஈரத் தரையில் அப்பாவின் ரப்பர் செருப்புச் சத்தம் பின்னால் வேகமாக வருவது கேட்டது.